முட்டையிட ஒரு முழ மண்

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது அந்தச் செய்தி கண்ணில் பட்டுவிடுகிறது. உள்பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி. கையுறை போட்ட ஒருவர் உள்ளங்கையில் இகுவானாக் குஞ்சை ஏந்தி நிற்பார். தலைப்பு பெரும்பாலும் ‘அழிவின் விளிம்பிலிருந்து மீண்டது’ என்றிருக்கும். கீழே கணக்கு: கூண்டில் இத்தனை பொரிந்தன, காட்டில் இத்தனை விடப்பட்டன. நம் பத்திரிகைகள் அதை ‘அரிய வகை உடும்பு’ ஆக்கிவிடுவதும் உண்டு. உடும்பு முட்டையும் தவளையும் தேடித் தின்கிற வேட்டைக்காரன். தீவு இகுவானாவோ இலையும் பூவும் கனியும் தின்றுவிட்டுப் பாறைமேல் வெயில் காயும் சாது. அது போகட்டும். எனக்குச் சண்டை அந்தத் தலைப்போடுதான்.

இகுவானா குறைந்துவிட்டது, ஆகவே இகுவானாவை உற்பத்தி செய்தால் சரியாகிவிடும் என்பது அந்தத் தலைப்புக்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை. ஜோடி சேர், பொரிக்க வை, வளர்த்து விடு. கோழிப்பண்ணைக் கணக்கு. விலங்குக் காட்சியகத்தாரும் நன்கொடை தருபவர்களும் இதை நல்ல மனதோடு நம்புகிறார்கள். ஆனால் இதே நம்பிக்கை வேறு சிலருக்கும் மிக வசதியாக இருக்கிறது. கடற்கரையில் ஓட்டல் கட்ட வருபவருக்கும், தீவை வெட்டித் துறைமுகம் போட வருபவருக்கும், “பல்லிதானே, பிடித்துக்கொண்டுபோய் வேறெங்காவது வளர்த்துக்கொள்ளுங்களேன்” என்று சொல்ல இது வழிவிடுகிறது.

தீவு இகுவானாக்கள் இனம் பெருக்கத் தெரியாமலோ, மலட்டுத்தன்மை வந்தோ அருகிப்போகவில்லை. ஆண்டு தவறாமல் முட்டையிட்டன. முட்டை பொரிந்தது. பொரிந்து வந்த குஞ்சு நாலடி நடப்பதற்குப் பத்திரமான தரை இல்லாமல் போனது. குறை அங்கே இருக்கும்போது கூண்டில் போய் மருந்து தேடுவது என்ன வைத்தியம்?

முதலில் பைன் கே. கரீபியன் பகுதியைச் சேர்ந்த டர்க்ஸ் அண்ட் கைக்கோஸ் தீவுக்கூட்டத்தில் உள்ள சின்னத் தீவு அது. 1970களின் தொடக்கத்தில் அங்கே வளர்ந்த பாறை இகுவானாக்கள் மட்டும் 5,500 அளவுக்கு இருந்தன. 1973இல் ஓட்டல் கட்டும் வேலை தொடங்கியது. யாரும் இகுவானாவை வேட்டையாடவில்லை, காட்டைக் கொளுத்தவில்லை. வேலைக்கு வந்தவர்களோடு நாயும் பூனையும் வந்தன, அவ்வளவுதான். மூன்றே ஆண்டுகளில் அத்தனை இகுவானாவும் அனேகமாகத் துடைத்தெடுத்ததுபோல் போய்விட்டன. அவற்றை ஆய்ந்துகொண்டிருந்த ஜான் ஐவர்சன் கண்ணெதிரே இது நடந்தது. 1978இல் ஆய்வுக் கட்டுரையாகவும் எழுதினார். இந்த 5,500க்குப் பதிலாக இன்னொரு 5,500ஐக் கூண்டில் வளர்த்து அங்கே இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பூனைகளுக்கு இன்னொரு மூன்றாண்டுச் சாப்பாடு.

இதற்கு நேர் எதிரான கதை காலபாகஸ் தீவுகளில் இருக்கிறது. 1932, 33இல் ஆலன் ஹான்காக் என்ற பணக்காரரின் ஆய்வுப் பயணக் குழு பால்ட்ரா தீவுக்குப் போனது. ஆடுகள் மேய்ந்து மொட்டையாக்கிய அந்தத் தீவில் நில இகுவானாக்கள் எலும்பும் தோலுமாக இருந்ததைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, 70 அளவில் பிடித்துப் பக்கத்திலிருந்த வட சீமோர் என்ற குட்டித் தீவில் விட்டுவிட்டுப் போனார்கள். திட்டமும் இல்லை, நிதியும் இல்லை. வேளாவேளைக்குக் கீரை நறுக்கிப் போட ஆளும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பால்ட்ராவில் அமெரிக்கப் படைத்தளம் வந்தது. 1950களின் நடுப்பகுதிக்குள் அங்கே ஒரு இகுவானாகூட மிஞ்சவில்லை. வட சீமோரில் விடப்பட்டவையோ தம்பாட்டில் வாழ்ந்தன. இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான அந்தத் தீவில், உடனே இல்லாவிட்டாலும், போகப்போக ஆயிரக்கணக்கில் பெருகின. பால்ட்ராவுக்கு 1991இல் இகுவானாக்களைத் திருப்பிக் கொண்டுபோனபோது வித்தாக நின்றவை இவைதான். நடுவில் டார்வின் ஆய்வு நிலையத்தின் வளர்ப்புக் கூடம் ஒரு கை கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் இனத்தைக் காத்துக் கொடுத்தது ஆடும் பூனையும் இல்லாத கொஞ்சம் தரை.

அதே காலபாகஸில் சாண்டியாகோ தீவின் வரிசைமுறையையும் பாருங்கள். 1835இல் டார்வின் அங்கே இறங்கியபோது, இகுவானா வளை இல்லாத இடமாகப் பார்த்து ஒரு கூடாரம் அடிப்பதே பெரும்பாடாக இருந்ததாக எழுதி வைத்தார். பிறகு பன்றிகள் முட்டையைத் தோண்டித் தின்றன, ஆடுகள் புதரை முடித்தன, இகுவானா அற்றுப்போனது. 2000இல் கடைசிப் பன்றி ஒழிந்தது. 2006க்குள் ஆடுகள் ஒழிந்தன. செடி கொடி தழைக்க மேலும் பத்தாண்டுக்கு மேல் விட்டார்கள். 2019 ஜனவரியில்தான் வட சீமோரிலிருந்து 1,400க்கும் மேற்பட்ட இகுவானாக்கள் படகேறி வந்தன. தரை முதலில், விலங்கு கடைசியில். செய்தித்தாளுக்கு வந்தது அந்தக் கடைசி நாள் மட்டும்.

இனி ஜமைக்காவுக்கு வருகிறேன். கூண்டு வளர்ப்பை ஆதரிப்பவர்கள் எப்போதும் கையில் எடுப்பது ஜமைக்காவைத்தான். எனக்கும் அதுதான் சாட்சி.

1872இல் எஸ்பூ என்ற கரும்புத் தோட்டக்காரர் கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளைக் கப்பலில் வரவழைத்தார். கரும்பைக் கடிக்கும் எலியைக் கீரி பிடிக்கும் என்பது அவர் கணக்கு. எலி இரவில் நடமாடும், கீரி பகலில் நடமாடும். பகலில் வெயில் காய வருவது யார் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. தரையில் கூடுகட்டும் பறவை, பாம்பு, இகுவானா முட்டை, குஞ்சு என்று கீரி தீவையே மேய்ந்தது. 1940களில் கரையோரத்துக் கோட் தீவுகளிலும் இகுவானா மறைந்தபின், ஜமைக்கா இகுவானா பூண்டோடு போனதாகவே பலரும் எண்ணினார்கள். 1990இல் கிங்ஸ்டனுக்குத் தென்மேற்கே ஹெல்ஷயர் குன்றுக் காட்டில் எட்வின் டஃபஸ் என்ற பன்றி வேட்டைக்காரரின் நாய் ஒரு இகுவானாவைப் பிடித்தது. அவர் அதை உயிரோடு ஹோப் விலங்குக் காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார். தேடிப்போனவர்கள் காட்டில் கண்டது ஐம்பதுக்கும் குறைவான வளர்ந்த இகுவானாக்கள்.

அதற்குப்பின் நடந்தது எல்லோரும் கொண்டாடும் கதை. முட்டை பொரியும் காலத்தில் குஞ்சுகளைப் பிடித்து ஹோப் காட்சியகத்தில் சில ஆண்டுகள் வளர்ப்பார்கள். கீரி வாயில் அடங்காத அளவுக்குப் பெருத்தபின் காட்டில் விடுவார்கள். இப்படிச் சில நூறு போயின. முட்டையிட வரும் பெண்களின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. இதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கூண்டு இல்லாவிட்டால் இன்று இந்தக் கட்டுரைக்கு ஜமைக்கா இகுவானா என்று ஒன்றே இருந்திருக்காது.

ஆனால் அந்த முறையை ஒருதரம் சொல்லிப் பாருங்கள்: குஞ்சைக் கீரி தின்னாத அளவுக்கு வளர்த்து விடுகிறோம். அப்படியானால் அது வளர்ந்து ஈனும் குஞ்சு? அதையும் பிடித்து வளர்க்க வேண்டும். அதன் குஞ்சு? கீரி இருக்கும்வரை இது ஓயாத வேலை. இன்குபேட்டரில் வைத்த குழந்தை தேறுகிறது என்று சந்தோஷப்படலாம். ஐந்து தலைமுறையாக அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் இன்குபேட்டரிலேயே கிடந்தால் அது தேறிய குடும்பமா? அந்தக் காட்டின் நடுப்பகுதியில் முட்டையிடும் இடங்களைச் சுற்றி ஆண்டுக்கணக்காகப் பொறி வைத்துக் கீரி பிடிக்கிறார்கள். பெட்டிச் செய்தியில் அந்தப் பொறிக்கு ஒரு வரி கிடைப்பதில்லை.

கீரிக்கு அடுத்தது மண். ஹெல்ஷயர் என்பது தேன்கூடு போல் அரித்துப்போன சுண்ணாம்புப் பாறை. செருப்பைக் கிழிக்கும் கூர்மை. பெண் இகுவானா வளை தோண்டி முட்டையிடுவதற்கு ஆழமான, உதிரியான செம்மண் வேண்டும். அப்படிப்பட்ட மண் பாறை இடுக்குகளில் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம்தான். ஜூன் மாதம் பெண்கள் எங்கிருந்தெல்லாமோ நடந்து அந்த ஒன்றிரண்டு இடங்களுக்கே வந்து சேர்கின்றன. ஒன்று மூடிய குழியை இன்னொன்று தோண்டிவிடாமல் காவல் கிடக்கின்றன. ஒரு காட்டின் இகுவானா வம்சம் முழுவதும் சில வீட்டு முற்றம் அளவு மண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

இந்த மண் விஷயத்தைப் புத்தகத்தில் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. சென்னையில் உறைத்தது. கே.கே. நகரில் நண்பர் ஒருவர் வீட்டில், கல்லூரி போகும் அவர் மகன் ஒரு பச்சை இகுவானா வளர்க்கிறான். அருகிவரும் இனமில்லை, வளர்ப்புப் பிராணிச் சந்தையில் கிடைப்பது. மூன்றாவது மாடி, கண்ணாடிப் பெட்டி, மேலே வெப்ப விளக்கு, வேளைக்கு முருங்கைக்கீரையும் செம்பருத்திப் பூவும். ராஜ வாழ்க்கை. நான் போன அன்று அது பெட்டியின் மூலையில் தரையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. “மூணு நாளா இதேதான் மாமா, ஒண்ணும் சாப்பிட மாட்டேங்குது,” என்றான் பையன். “ராத்திரியெல்லாம் அந்த சத்தம். யாருக்கும் தூக்கமில்லை,” என்றார் அவன் அம்மா. மருத்துவர் போனிலேயே கண்டுபிடித்துவிட்டார்: முட்டை சேர்ந்திருக்கிறது, இட மண் இல்லை. எதிரே கட்டிக்கொண்டிருந்த கட்டடத்திலிருந்து ஒரு டிரம் மணல் வாங்கி, தண்ணீர் தெளித்து உள்ளே வைத்தோம். அரை மணி நேரம் வரை மோந்து பார்த்தது. பிறகு முன்னங்கால் இரண்டாலும் வாரி இறைத்துக்கொண்டு உள்ளே போனது, வால் நுனி மட்டும் வெளியே. இட்டு முடித்து வெளியே வந்து மணலைத் தள்ளி மூடி, மூக்கால் தட்டித் தட்டிச் சமப்படுத்தியது. ஆண் துணை இல்லாமல் இட்ட கூமுட்டைகள். அது அதற்குத் தெரியாது. மூன்று நாளாக அது கேட்டது கீரையோ விளக்கோ இல்லை. ஒரு முழ ஆழத்துக்கு மண்.

ஹெல்ஷயருக்குத் திரும்புவோம். நம் ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலத்தைக் கரிமூட்டம் போடுவதுபோல் அங்கே காட்டு மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். இகுவானாவுக்கு எமன் ஏழைக் கரிக்காரன்தான் என்று சொல்வது பலருக்குச் சுலபமாக இருக்கிறது. அவன் செய்வது சேதம்தான், சந்தேகமில்லை. ஆனால் 2013இல் வந்த திட்டத்தோடு ஒப்பிட்டால் அவன் கோடாரி எம்மாத்திரம்? கோட் தீவுகளில் சீன நிறுவனம் ஒன்று மாபெரும் சரக்குத் துறைமுகம் கட்டும் என்றார்கள். அந்தத் தீவுகள் 1999இலேயே அறிவிக்கப்பட்ட போர்ட்லாண்ட் பைட் பாதுகாப்புப் பகுதிக்குள் இருப்பவை. கீரியையும் ஆட்டையும் அகற்றிவிட்டு ஜமைக்கா இகுவானாவை அங்கே மறுபடி குடியேற்றலாம் என்று இயற்கையாளர்கள் கண் வைத்திருந்த இடமும் அதுதான். ஊரில் விவாதம் வேலைவாய்ப்பா பல்லியா என்று நடந்தது. கேள்வியை அப்படிப் போட்டாலே பாதி தோல்வி. கோட் தீவு பாதுகாப்பு என்பது சதுப்பும் மீன் குஞ்சு வளரும் நீர்ப்பரப்பும் அதை நம்பிய மீனவர் பிழைப்பும் சேர்ந்த விவகாரம். ‘காட்சியகத்தில்தான் நிறைய இகுவானா இருக்கிறதே’ என்ற வாதத்துக்கு இடம் கொடுத்தது யார்? விடப்பட்ட குஞ்சுகளை மட்டும் எண்ணிக் கைதட்டிய நாமெல்லாம்தான். 2016இல் பிரதமர் ஆண்ட்ரூ ஹோல்னஸ் துறைமுகம் அங்கே வராது என்றார். தீவு தப்பியது. தப்பியதாலேயே இகுவானா அங்கே போய்விடாது. முதலில் போக வேண்டியது கீரியும் ஆடும்.

என் வாதத்துக்கு எதிராக நிற்கக்கூடிய வலுவான சாட்சி கிராண்ட் கேமன் தீவு. நீல இகுவானா அங்கே மட்டும்தான் உண்டு. 2002இல் எண்ணிப் பார்த்தபோது காட்டில் இருந்தது 10 முதல் 25 வரை. ஃபிரெட் பர்ட்டன் முன்நின்ற மீட்புத் திட்டம் தாவரவியல் பூங்காவில் கூண்டு வைத்து வளர்த்தது. பிடரி முள்ளில் வண்ண மணி கோத்து அடையாளம் போட்டு விட்டது. 2012இல் நீல இகுவானா அழிவு அபாயப் பட்டியலில் ஒரு படி இறங்கியது. 2018இல் ஆயிரமாவது இகுவானா காட்டுக்குப் போனது. இதைவிட என்ன வேண்டும் என்று கேட்பார்கள்.

அந்த ஆயிரமும் எங்கே போயின என்று கேட்டால் விடை கிடைத்துவிடும். பெரும்பாலும் சலைனா, கோலியர்ஸ் என்ற ஒதுக்குக் காடுகளுக்கு. அந்தக் காடுகளை வீட்டுமனையாகாமல் பிடித்து வைக்க நேஷனல் டிரஸ்ட் அமைப்பு பாடுபட்டிராவிட்டால் ஆயிரமாவது இகுவானாவை எந்த வாகன நிறுத்தத்தில் இறக்கி விட்டிருப்பார்கள்? 2008 மே மாதம் ஓர் இரவு யாரோ பூங்காவுக்குள் புகுந்து, இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த பல இகுவானாக்களைக் கொன்று போட்டார்கள். கூண்டு எத்தனை பத்திரம் என்பதற்கு அந்த ஓர் இரவு போதும். நான் கேட்க விரும்பும் எண் ஆயிரம் அல்ல. காட்டு மண்ணில் பொரிந்து, பூனை வாய்க்குத் தப்பி, தானே முட்டையிடும் வயதுக்கு வந்தவை எத்தனை? அந்த எண் தானாக ஏறிக்கொண்டு போகும் நாளில் நானும் தலைப்பை ஒப்புக்கொள்கிறேன்.

அதே தீவில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெளியிலிருந்து வந்து பரவிய பச்சை இகுவானாவை ஒழிக்க 2018 அக்டோபரில் வேட்டை தொடங்கி, 10 லட்சத்துக்கும் மேல் கொன்றுவிட்டார்கள். ஒரு பக்கம் மணி கோத்து ஒவ்வொன்றாக எண்ணும் இகுவானா, இன்னொரு பக்கம் லட்சக் கணக்கில் சுட்டு எடைபோடும் இகுவானா. பச்சை இகுவானா ஒரு தடவைக்கு இடும் முட்டைகளும் அதிகம், மரத்திலும் ஊரிலும் எங்கும் பிழைக்கும் திறனும் அதிகம். நீல இகுவானாவுக்குத் தரைதான் வாழ்வு. தரையைப் பூனைக்கும் சாலைக்கும் கொடுத்துவிட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது.

கொலை என்றதும் அடுத்த மறுப்பு வந்துவிடும்: பல்லியைக் காக்கப் பூனையையும் ஆட்டையும் கொல்வது என்ன நியாயம்? இதைக் கேட்பவர்களை நான் கேலி செய்யமாட்டேன். எங்கள் வீட்டுத் திண்ணையிலும் இரண்டு பூனைகள் உண்டு. ஆனால் இங்கே கொலை வேண்டுமா வேண்டாமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. பூனையைத் தீவில் இறக்கிய அன்றே ஒரு கொலைக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது; பைன் கேயில் செத்தவை ஓர் ஆய்வாளரைத் தவிர யார் கண்ணிலும் படவில்லை என்பதால் அது கருணையாகிவிடுமா? அதே தீவுக்கூட்டத்தில் லாங் கே என்ற தீவில் 1999இல் பூனைகளை ஒழித்துவிட்டு, கட்டுமானம் நெருங்கிக்கொண்டிருந்த வேறொரு தீவிலிருந்து இகுவானாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பிழைத்துப் பெருகின. ஒருமுறை செய்யும் வேண்டாத வேலை அது. செய்யாமல் விட்டால் அங்கே தினமும் சாவு நடந்துகொண்டே இருந்திருக்கும்.

தீவு என்றால் உயிர்கள் வருவதும் போவதும் இயல்புதானே என்பார் சிலர். 1995இல் லூயிஸ் சூறாவளிக்குப் பிறகு, கடலில் மிதந்த மரக்கூட்டத்தில் தொற்றிக்கொண்டு 15 அளவில் பச்சை இகுவானாக்கள் அங்குவில்லா தீவில் கரையேறியது உண்மை. ஆய்விதழில் வந்து பேர்பெற்ற நிகழ்ச்சி. அது பேர்பெற்றதே அபூர்வம் என்பதால்தான். கப்பல் சரக்கு வாரம் தவறாமல் வருகிறது, மரக்கட்டை அப்படி வருவதில்லை.

பஹாமாஸில் அன்பு வேறு வடிவம் எடுத்தது. எக்சுமா தீவுகளில் படகுப் பயணிகள் குச்சி நுனியில் திராட்சை குத்தி இகுவானாக்களுக்கு ஊட்டுகிறார்கள். ஊட்டப்படாத தீவு இகுவானாக்களோடு ஆய்வாளர் சார்ல்ஸ் நாப் குழுவினர் ஒப்பிட்டபோது இரத்தமே வேறாக இருந்தது; பின்னர் வந்த ஆய்வில், ஊட்டப்பட்டவற்றுக்குச் சர்க்கரை ஏறினால் இறங்க நெடுநேரமாவதும் தெரிந்தது. சர்க்கரை வியாதிக்காரர் இல்லாத வீடே இல்லாத நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சோறு போட்டால் போதும் என்பதும் கூண்டில் வளர்த்தால் போதும் என்பதும் ஒரே மரத்துக் கிளைகள்.

எனக்கு மனதுக்குப் பிடித்த தீவு ஃபிஜியில் இருக்கிறது: மோனுரிக்கி. டாம் ஹாங்க்ஸ் தனியாக மாட்டிக்கொள்ளும் படம் எடுத்த அதே தீவு. அங்கே கொண்டை இகுவானா கையளவுக்கு அருகிவிட்டிருந்தது. தீவு யனுயா கிராமத்தாருக்குச் சொந்தம், ஆடும் அவர்களுடையது. ஆடு என்பது விசேஷத்துக்குக் கறி, அவசரத்துக்குக் காசு. அதை அகற்றச் சம்மதித்தவர்கள் அவர்கள். 2011இல் ஆடும் எலியும் போயின. மொட்டையாகியிருந்த இடங்களில் இளஞ்செடிகள் வந்தன. அதற்குப் பிறகு, 2015இல்தான், ஒரு பூங்காவில் வளர்த்த 32 இகுவானாக்கள் படகில் வந்தன. கூண்டு இங்கேயும் இருந்தது, தன் முறை வரும்வரை காத்திருந்தது. படம் எடுத்தவர்கள் இகுவானாவைத்தான் எடுத்தார்கள். ஆட்டைக் கொடுத்தவர்கள் படத்துக்கு வெளியே நின்றார்கள்.

ஹெல்ஷயரில் பொறி பார்க்கும் ஆட்களும் அப்படித்தான். தண்ணீரைச் சுமந்துகொண்டு அந்தக் கூர்ப்பாறையில் நடக்க வேண்டும். பொறி பொறியாகத் திறந்து பார்த்து, மாட்டியதை எடுத்து, புதிதாக இரை வைத்து, அடுத்ததற்குப் போக வேண்டும். கல்கத்தாவிலிருந்து வந்த ஒன்பதின் வாரிசுகள் அவை, விடுமுறை எடுப்பதில்லை. அடுத்த ஜூனில் பெண் இகுவானாக்கள் அந்தச் செம்மண்ணுக்கு வரும்போது பொறியில் புது இரை இருக்கிறதா என்பதைப் பெட்டிச் செய்தி எழுதுகிறவர் ஒருமுறை தொலைபேசியில் கேட்டுக்கொண்டால் நன்றாக இருக்கும்.